விரல் நுனியில் விளையும் வினை

மானிடப் பிறவி கிடைத்தற்கு அரியது என்பது எமது சமயத்தின் அடிப்படை நம்பிக்கையாகும். அப்பிறவியிலே உயிரானது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று வாயில்களினாலும் வினையை ஈட்டுகின்றது. இப்பிறவியில் புதிதாக ஈட்டப்படும் அவ்வினையைச் சைவ சித்தாந்தம் ஆகாமியம் என்று கூறும். நினைப்பதும் வினை, சொல்வதும் வினை, செய்வதும் வினை. இம்மூன்றையும் எம் முன்னோர் தெளிவாகப் பிரித்து வைத்தார்கள். ஆனால் இவற்றுள் எதில் அடக்குவது என்று எம்மை யோசிக்க வைக்கும் ஒரு கருமம் இன்று எல்லோருடைய கைகளிலும் வந்து சேர்ந்திருக்கின்றது. கைத்தொலைபேசியில் ஒரு செய்தியை, ஒரு படத்தைத் தட்டி அனுப்பும் கருமமே அது.

"நான் வாய் திறக்கவில்லை, ஆதலால் ஒருவரையும் ஏசவில்லை" என்கிறார் ஒருவர். "நான் எவரையும் தொடவில்லை, ஆதலால் தீங்கு செய்யவில்லை" என்கிறார் இன்னொருவர். "என் மனதில் பகையில்லை, வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்கிறார் மூன்றாமவர். இம்மூவரும் சேர்ந்து ஒரு பிள்ளையின் வாழ்வைக் குலைத்து விட்டால், அந்த வினை யாருடையது? இக்கேள்வியை ஆலய மலரிலே கேட்பது பொருத்தம் என்றே கருதுகின்றேன். ஏனெனில் சட்டம் கேட்காத இடங்களிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

பூநகரி மக்களாகிய எமக்குச் செய்தியின் அருமை தெரியும். சங்குப்பிட்டியில் பாதை வரும்வரை காத்திருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் சென்ற காலத்தைப் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008ஆம் ஆண்டு ஊரை விட்டு இடம்பெயர்ந்து, தாய் ஓரிடம் பிள்ளை ஓரிடம் என்று சிதறிய நாட்களில், ஒருவர் உயிரோடிருக்கின்றார் என்ற ஒற்றைச் செய்திக்காக மாதக்கணக்கில் ஏங்கியவர்கள் எம்மிடையே பலர். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் இணையமும் கைத்தொலைபேசியும் வயல் வரம்பு வரை வந்து விட்டன. இன்று எம் ஆலயத் திருவிழாவை ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் உள்ள உறவுகள் இருந்த இடத்திலிருந்தே தரிசிக்கின்றனர். கொரோனாத் தொற்று நிலவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் பிள்ளைகள் பாடம் படித்ததும் இக்கருவியில்தான். எனவே கருவியைக் குறை சொல்வது அறியாமை. கொல்லன் அரிவாளைச் செய்து கொடுத்தது அருவி வெட்டுவதற்கு. அதைக் கொண்டு அயலவனை வெட்டினால் குற்றம் அரிவாளினுடையது அன்று.

இணையவழித் துன்புறுத்தல் என்பது பல வடிவங்களில் வருகின்றது. போலிப் பெயரில் கணக்கைத் திறந்து ஒருவரைத் தொடர்ந்து ஏசுவது ஒன்று. ஒரு பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிப் படமாக்கிப் பரப்புவது இன்னொன்று. நம்பிப் பழகிய காலத்தில் பெற்ற படத்தை வைத்துக்கொண்டு பணம் கேட்டோ, தன் விருப்பத்துக்கு இணங்கச் சொல்லியோ மிரட்டுவது மற்றொன்று. ஒரு பிள்ளையின் நிறத்தையும் திக்குவாயையும் குடும்ப வறுமையையும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் கேலி செய்வதும், டிக்டொக் நேரலையில் குடும்பப் பெண்களின் பெயரை இழுத்துத் தூற்றுவதும் இதனுள் அடங்கும். செயற்கை நுண்ணறிவு வந்த பின்னர் ஒரு சாதாரண புகைப்படம் இருந்தாலே போலி ஆபாசப் படத்தை நிமிடங்களில் உருவாக்கி விடலாம். ஆகவே "அவள் ஏன் அப்படியான படம் எடுத்தாள்" என்ற கேள்விக்கே இன்று பொருளில்லாமற் போய்விட்டது.

இது முற்றிலும் புதிய நோயுமன்று. மொட்டைக் கடிதம் என்றால் என்னவென்று எமது ஊரில் அறியாதவர் இல்லை. கையொப்பமில்லாமல் எழுதப்பட்ட ஒரு துண்டுக் கடதாசி எத்தனை கலியாணங்களைக் குழப்பியது, எத்தனை உத்தியோகத்தர்களை இடமாற்றியது, எத்தனை குடும்பங்களைக் கோவில் வாசலிலேயே முகம் பாராமல் ஆக்கியது என்பதை முதியோர் சொல்லக் கேட்கலாம். போலிக் கணக்கு என்பது அந்த மொட்டைக் கடிதத்தின் பேரப்பிள்ளையே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மொட்டைக் கடிதம் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டிலே விவேகமுள்ள ஒருவர் இருந்தால் அதைக் கிழித்து அடுப்பில் போடுவார். அத்தோடு அது முடிந்து விடும். இன்றைய செய்தியோ ஒரே நேரத்தில் ஆயிரம் வீடுகளுக்குப் போகின்றது. ஒருவர் அழித்தாலும் மற்றொருவரிடம் இருக்கின்றது. பத்து ஆண்டுகள் கழித்தும் அது எழுந்து வந்து நிற்கின்றது.

வினை யாருடையது என்ற கேள்விக்கு விடை தேட நாம் தூரம் செல்ல வேண்டியதில்லை. வைகாசி மாதத்தில் எம்மவர் பொங்கல் பொங்கி நேர்த்தி வைக்கும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் கதையே அதற்கு விடை சொல்லும். கோவலனின் கொலையிலே நான்கு வகையினர் சம்பந்தப்படுகின்றனர். முதலாமவன் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் தானே களவாடி வைத்துக்கொண்டு, குற்றமற்றவன் மேல் பழியைப் போட்டவன் அவன். இரண்டாமவன் பாண்டிய மன்னன். அவனிடம் பகையில்லை. ஆனால் சொல்லக் கேட்டதை ஆராயாமல் நம்பி உத்தரவிட்டான். மூன்றாமவன் மதுவெறியில் வாளை வீசிய காவலன். நான்காமவர்கள் மற்றக் காவலர்கள். கோவலனைப் பார்த்தால் கள்வனைப் போலத் தெரியவில்லையே என்ற ஐயம் அவர்களிடையே எழுந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. ஆனாலும் பொற்கொல்லனின் வாய்ச்சாலத்தை மீறி அதைத் தடுக்க எவரும் முன்வரவில்லை.

பொய்யைப் படைத்தவன், அதை ஆராயாமல் நம்பியவன், வெறியிலே வெட்டியவன், மனம் உறுத்தியும் பார்த்து நின்றவன் என்ற இந்த நால்வரும் இன்றைய ஒவ்வொரு வட்ஸ்அப் குழுவிலும் இருக்கின்றார்கள். படைப்பவன் ஒருவனாகத்தான் இருப்பான். நம்பிப் பகிர்பவர்கள் நூறு பேர், கீழே கொச்சையாக எழுதுபவர்கள் பத்துப் பேர், சிரித்துவிட்டோ வருந்திவிட்டோ பேசாமல் இருப்பவர்கள் ஆயிரம் பேர். பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணத்தில் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் விட்டான். "எனக்குத் தெரியாது, சொன்னதை நம்பினேன்" என்று அவன் சொல்லித் தப்ப முயலவில்லை. நூலும் அவனைத் தப்ப விடவில்லை. ஆராயாமையே குற்றம் என்பது அதன் கருத்து. அந்த நகரம் எரிந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. பார்த்து நின்ற ஊருக்கும் அதிலே பங்கு உண்டு.

திருவள்ளுவரும் இவ்வாறே கருதினார் என்று கொள்ளலாம். புறங்கூறாமை 19ஆம் அதிகாரம். பயனில சொல்லாமை 20ஆம் அதிகாரம். அதற்கு அடுத்தது தீவினையச்சம். நாவைப் பற்றிப் பேசி முடித்தவுடன் தீவினையைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று அவர் ஏன் சொன்னார் என்பதைச் சிந்திக்க வேண்டும். சொல் வேறு, வினை வேறு அன்று.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். எமது நாட்டிலே 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போது வெறுப்புப் பேச்சும் வதந்தியும் பேஸ்புக் ஊடாகப் பரவியதனால் அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்திச் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் தடை செய்தது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம், தனது தளம் அவ்வாறு பயன்படுத்தப்பட்டமைக்காக மன்னிப்புக் கோரியது. எழுத்து நெருப்பாகும் என்பது வெறும் உவமையன்று என்பதற்கு இது சாட்சி.

தமிழகத்திலே 2012ஆம் ஆண்டு பின்னணிப் பாடகி சின்மயி, டுவிட்டரில் தன்னையும் தன் தாயாரையும் இழிவாக எழுதுகிறார்கள் என்று சென்னைப் பொலிஸில் முறையிட்டார். கைது செய்யப்பட்டவர்களுள் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் கற்பித்தவரும் இருந்தார். படிப்பு மட்டும் ஒருவருடைய நாவை அடக்கி விடாது என்பதை இதனால் அறியலாம்.

2016ஆம் ஆண்டு தமிழகத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பத்தார் முறையிட்டும் விசாரணை தாமதித்தது. இரண்டாவது படமும் வந்தது. அப்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். தாமதத்துக்காக மாவட்டப் பொலிஸ் உயரதிகாரி பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் என் நெஞ்சைத் தைப்பது வேறொன்று. தன் பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை அவர் எழுதி வைத்திருந்தார் எனச் செய்திகள் தெரிவித்தன. அந்தப் பெற்றோரைப் பழிப்பது எமது நோக்கமன்று. அவர்களும் பழிக்கு அஞ்சிய எம்மைப் போன்றவர்களே. ஆனால் படத்தைப் போட்டவன் எய்தது அம்பு என்றால், வீட்டாரின் ஐயமே அதைப் பாயவிட்ட வழி.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவிலே அமண்டா டொட் என்ற 15 வயதுச் சிறுமி 2012 ஒக்டோபரில் உயிரிழந்தாள். முகந்தெரியாத ஒருவன் அவளுடைய படத்தை வைத்து மிரட்டினான், பரப்பினான். அவள் பாடசாலை மாறிய இடத்துக்கும் அது பின்தொடர்ந்தது. அங்கே கூடப் படித்த பிள்ளைகளும் அவளை எள்ளி நகையாடினர். மிரட்டியவன் கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் இருந்தான். அவனைக் குற்றவாளி எனக் கண்டு 13 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்க 2022ஆம் ஆண்டு ஆயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து நீதி வந்தது, பிள்ளை வரவில்லை.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படுகின்றது. மிரட்டுபவனுடைய பலம் அவன் கையிலுள்ள படத்தில் இல்லை. "ஊர் என்ன சொல்லும்" என்ற எமது அச்சத்தில் இருக்கின்றது. மானத்தை உயிரினும் பெரிதாக மதிப்பது எமது பண்பாடு. அது நல்லதே. ஆனால் மானம் இழந்தவர் யார் என்பதிலே நாம் தவறிழைக்கின்றோம். களவு போன வீட்டுக்காரனை நாம் வெட்கப்படச் சொல்வதில்லை. கள்வனையே வெட்கப்படச் சொல்கின்றோம். அவ்வாறிருக்க, படம் களவாடப்பட்ட பிள்ளையை மட்டும் ஏன் தலைகுனியச் சொல்கின்றோம்? வெட்கம் செய்தவனைச் சேரட்டும். அவ்வாறு ஓர் ஊர் முடிவெடுத்து விட்டால், மிரட்டுபவனின் கையிலுள்ளது வெறுங் கடதாசி.

"சும்மா பகிடிக்குச் செய்தது" என்பது எம்மிடையே அடிக்கடி கேட்கும் சமாதானம். பகிடி எதுவரை போகும் என்பதை எமது நாடு கண்ணீரோடு கற்றது. 1997ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்கு உள்ளாகிச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இருவரும் சிரித்தால் அது பகிடி. ஒருவர் சிரிக்க மற்றவர் அழுதால் அது வதை. இந்த அளவுகோலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எந்தப் பட்டமும் தேவையில்லை.

அப்படியானால் எவரையும் எதுவும் சொல்லக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலயக் கணக்கில் பிழை இருந்தால் கேட்கத்தான் வேண்டும். சங்கத்திலே, பாடசாலையிலே முறைகேடு நடந்தால் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். வாய் மூடியிருப்பதும் ஒருவகையில் பார்த்து நின்ற காவலரின் குற்றமே. ஆனால் கண்டனத்துக்கும் தூற்றலுக்கும் வேறுபாடு உண்டு. என் பெயரை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கின்றேனா? அவருடைய செயலைப் பற்றிப் பேசுகின்றேனா, அல்லது அவருடைய பிறப்பையும் உடலையும் வீட்டுப் பெண்களையும் இழுக்கின்றேனா? திருத்தக்கூடிய இடத்தில், பொதுக்கூட்டத்தில் கேட்கின்றேனா, அல்லது முகநூலில் ஊர் சிரிக்கப் போடுகின்றேனா? இம்மூன்று கேள்விக்கும் நேர்மையாக விடை சொல்பவர் தூற்றமாட்டார். ஆலய நிர்வாகப் பிணக்குகள் வெளிநாடுவரை நாறுவதைக் காணும் இக்காலத்தில் இது எமக்கு மிகவும் வேண்டிய விவேகம்.

சட்டமும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் பிறருடைய கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவது போன்றவற்றைக் குற்றமாக்கியது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழித் துன்புறுத்தலையும் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் அச்சட்டம் பேச்சுச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று ஊடகத்துறையினரும் மனித உரிமை அமைப்புகளும் கண்டித்துள்ளனர். அந்த அச்சம் வீணானதன்று. இந்தியாவிலே 66ஏ என்னும் பிரிவின் கீழ் 2012இல் ஒரு சாதாரண பேஸ்புக் குறிப்புக்காக இளம்பெண்கள் கைதானார்கள். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே நீக்கியது. சட்டம் தளர்ந்தால் அபலை தவிக்கின்றாள். சட்டம் மிஞ்சினால் உண்மை சொல்பவன் தவிக்கின்றான். ஆதலால் சட்டத்துக்கு முன்பாக நிற்க வேண்டிய வேலி அறமே.

துன்பம் நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றையும் அறிந்திருத்தல் நன்று. பதறி எல்லாவற்றையும் அழித்து விடக்கூடாது. செய்தியையும், அனுப்பியவரின் கணக்கையும், திகதி தெரியும்படி திரையில் உள்ளபடியே படமெடுத்து வைக்க வேண்டும். அதுவே சான்று. பின்னர் அக்கணக்கைத் தடை செய்து, குறித்த தளத்துக்கும் முறையிட வேண்டும். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுத்தல் ஆகாது. கொடுத்தவரிடமே அவன் மீண்டும் வருவான். பொலிஸ் நிலையத்தில் தமிழிலேயே முறைப்பாடு செய்யலாம். சிறுவர்கள் பாதிக்கப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும், பெண்கள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மனம் உடைந்து உயிர் வாழவே வெறுப்பாக இருக்கின்றது என்று தோன்றினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உண்டு. அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க 2021இல் ஆரம்பிக்கப்பட்ட ஸ்ரொப் என்.சி.ஐ.ஐ. என்னும் சேவையும் இருக்கின்றது. அதற்குப் படத்தை அனுப்ப வேண்டியதில்லை; படத்தின் கைரேகை போன்ற ஓர் இலக்கக் குறி மாத்திரம் செல்கின்றது. அதைக் கொண்டு அதில் இணைந்துள்ள தளங்கள் அப்படத்தை அடையாளங்கண்டு தடுக்கின்றன.

செய்தவன் பிடிபட்டால் என்ன செய்வது? அவனுடைய படத்தையும் அவன் தாய், சகோதரியின் படத்தையும் போட்டு ஊரே தூற்ற வேண்டும் என்று சில இளைஞர்கள் துடிக்கின்றார்கள். இங்கே மெய்ப்பொருள் நாயனாரை நினைவுகூர்தல் தகும். போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியார் வேடத்தில், புத்தகக் கட்டினுள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு வந்தான். போலிக் கணக்குக்கு இதைவிட ஓர் உதாரணம் வேண்டுமா? குத்துண்டு வீழ்ந்த நிலையிலும் நாயனார், ஊரார் அவனைக் கொன்று விடாமல் தத்தனைக் காவலாக அனுப்பி வெளியேற்றினார். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அடியவரின் அந்தப் பெருநிலையை எவரிடமும் நாம் கட்டாயமாகக் கேட்க முடியாது. நான் சொல்ல வருவது ஊராருக்கு. குற்றவாளியை விசாரிப்பது நீதிமன்றின் கடமை. கும்பலாகச் சேர்ந்து அவன் குடும்பத்தைத் தூற்றினால், நாம் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு அதே வினையை வேறு பெயரில் ஈட்டுகின்றோம்.

ஆலயமும் இதிலே தன் பங்கைச் செய்யலாம். அறநெறிப் பாடசாலையில் மாதம் ஒரு முறையாவது பிள்ளைகளோடு இதைப் பற்றிப் பேசலாம். தேரிலும் தீர்த்தத்திலும் காவடியிலும் கலந்துகொள்ளும் பெண் பிள்ளைகளை அவர்கள் அறியாமல் படமெடுத்து வலைத்தளங்களில் போடுவது கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். வழிபட வருபவரின் முகம் எவருக்கும் விளையாட்டுப் பொருளன்று. பெற்றோரும் கைத்தொலைபேசியைப் பறிப்பதை விட, "உனக்கு என்ன வந்தாலும் முதலில் என்னிடம் சொல், நான் உன்னை ஏசமாட்டேன்" என்று இன்றே சொல்லி வைப்பது ஆயிரம் பூட்டுகளுக்குச் சமம்.

பூநகரியின் மொட்டைக்கறுப்பன் அரிசிக்கு நல்ல பெயருண்டு. ஆயினும் அதையும் சுளகில் இட்டுப் புடைத்துக் கல்லும் பதரும் நீக்கிய பின்னரே உலையில் இடுகின்றோம். ஒருவேளை உணவுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை ஒருவருடைய வாழ்வுக்குக் காட்டலாகாதா? அனுப்பு முன்னர் ஒரு கணம் புடைத்துப் பார்ப்போம். இது உண்மையா? உண்மையானாலும் சொல்ல எனக்கு உரிமை உண்டா? அந்தப் பிள்ளை என் வீட்டுப் பிள்ளையானால் அனுப்புவேனா?

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இதுவே. தட்டி அனுப்பும் கருமம் மனம், வாக்கு, காயம் மூன்றும் ஒன்று சேர்ந்த வினை. அதன் பயன் படைத்தவனோடு நிற்பதில்லை. கைமாற்றிய ஒவ்வொருவர் கணக்கிலும் எழுதப்படும். போலிப் பெயரில் எழுதினாலும் அந்தக் கணக்கு மெய்ப்பெயரிலேயே இருக்கும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. தூற்றப்பட்ட ஒருவருக்கு "நாங்கள் உன்னோடு நிற்கின்றோம்" என்று தட்டி அனுப்பும் ஒரு வரியும் அதே விரலால்தான் ஆகின்றது. அதுவும் வினையே, நல்வினை.

எம் பிள்ளைகள் அஞ்சாமல் தலைநிமிர்ந்து வாழவும், எமது நாவும் விரலும் பிறர் கண்ணீருக்குக் காரணமாகாதிருக்கவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிய வேண்டுமெனப் பிரார்த்திப்போமாக.

சுபம்.